பிள்ளைகள் பார்க்கும் பேக்கிங் போட்டிகள்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் வார இறுதிக் காலைகளில் பிள்ளைகளுக்குக் கேக், பிஸ்கட், பணிஸ் செய்யப் பழக்குகிறேன். வருகிற பிள்ளைகளில் பலர் ரீவியிலோ யூடியூபிலோ சிறுவர் பேக்கிங் போட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர் அந்த நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ரீச்சர், இது என்ன நிகழ்ச்சிகள்? என்ர மகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்லுறாள்.

கொழும்புப் பிள்ளைகள் அதிகம் பார்ப்பவை மூன்று. முதலாவது ‘ஜூனியர் பேக் ஆஃப்’. பிரித்தானியாவில் 2010இல் தொடங்கிய பெரியவர்களுக்கான ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ நிகழ்ச்சியின் பிள்ளை இது. 2011இல் பிபிசியின் சிறுவர் அலைவரிசையில் வந்தது, 2019இலிருந்து சனல் 4இல் வருகிறது. இரண்டாவது அமெரிக்க ஃபூட் நெட்வொர்க்கின் ‘கிட்ஸ் பேக்கிங் சாம்பியன்ஷிப்’. 2015இல் தொடங்கியது. டஃப் கோல்ட்மன் என்ற கேக் கலைஞரும் நடிகை வலெரி பெர்ட்டினெலியும் அதைத் தொடங்கி நடத்தினார்கள். மூன்றாவது ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’. அமெரிக்காவில் 2013இல் கோர்டன் ராம்சே என்ற சமையல் கலைஞர் நடுவராக இருக்கத் தொடங்கியது. அது கேக்குக்கு மட்டுமான போட்டி இல்லை, எல்லாச் சமையலும் வரும். போட்டியாளர்கள் 8 முதல் 13 வயதுவரை உள்ள பிள்ளைகள்.

மூன்றும் ஒரே குணமானவை இல்லை. ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’ வெற்றியாளருக்கு 1,00,000 டொலர் பரிசு. பிரித்தானியப் பெரியவர் போட்டியில் வெல்பவருக்குக் கிடைப்பது ஒரு கேக் தாங்கியும் பூங்கொத்தும்தான், காசு இல்லை. அந்தக் குடும்பத்திலிருந்து வந்த சிறுவர் நிகழ்ச்சியிலும் அதே மென்மை இருக்கிறது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எத்தனை வயதில் பார்க்க விடலாம்?

ஆறு, ஏழு வயதில் பார்க்கலாம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு பகுதியோடு நிறுத்துங்கள். யூடியூபில் விட்டால் போட்டி போய், நிறம் நிறமாகக் கேக் வெட்டும் அரை நிமிட வீடியோக்கள் வரிசையாக வரத் தொடங்கும். அவற்றில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

பார்த்தால் மட்டும் பிள்ளை என்னத்தைப் பழகும்? கேக் அடிக்க வருமா?

கை பழகாது. மா கையில் பட்டால்தான் கைக்குத் தெரியும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் கண்ணும் காதும் நிறையப் பழகுகின்றன. இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, தொடங்கும்போதே ஓவனைச் சூடாக்கச் சொல்கிறது. எல்லாவற்றையும் அளந்து வரிசையாக வைத்த பிறகுதான் முட்டையை உடைக்கிறது. ஐசிங் பூச முதல் கேக் ஆற வேண்டும், ஆற ஒரு மணித்தியாலம் வேண்டும், அப்படியென்றால் இத்தனை மணிக்கு ஓவனுக்குள் போக வேண்டும் என்று முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்க்கிறது. வளர்ந்தவர்கள் பலருக்கே வராத பழக்கம் இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் நடுவர் பேசுகிற இடத்தில் இருக்கிறது. நல்ல நடுவர் “சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார். “அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறது, பழக் கலவையைச் சூடாகவே ஊற்றிவிட்டாய்” என்று காரணத்தைக் காட்டுவார். பிள்ளையும் “நேரம் போதவில்லை என்று அவசரப்பட்டேன்” என்று பதில் சொல்லும். பிழைக்கு ஒரு காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் அடுத்த முறை மாற்றலாம் என்பது அந்தச் சின்ன உரையாடலில் பதிந்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் புள்ளியை மட்டும் பார்த்து மடித்து வைக்கப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. இந்த நிகழ்ச்சிகளை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் பாடமாக்கிச் செய்யுதுகள். என்ர பிள்ளைக்கு அந்தளவு திறமை இல்லையோ?

தயவுசெய்து அப்படி ஒப்பிடாதீர்கள். ரீவியில் ஒரு மணித்தியாலத்தில் முடிவது உண்மையில் அப்படி நடப்பதில்லை. பெரியவர்களின் பேக் ஆஃபில் ஒரு பகுதியைப் படமாக்க இரண்டு நாள் எடுக்கிறார்கள். அதில் பெரும்பாலான சுற்றுகளுக்குப் போட்டியாளர்கள் வீட்டிலேயே செய்து பழகிவிட்டுத்தான் வருகிறார்கள். முன்கூட்டித் தெரியாமல் வருவது ‘டெக்னிக்கல்’ என்ற சுற்று மட்டும். அதில் எல்லோருக்கும் ஒரே செய்முறையைத் தருவார்கள், ஆனால் பாதி விவரத்தை வெட்டிவிட்டு. “ஸ்பொஞ் செய்யவும்” என்று மட்டும் எழுதியிருக்கும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று இருக்காது. யார் செய்தது எது என்று தெரியாமலே நடுவர்கள் சுவைத்துத் தரம் பிரிப்பார்கள். சிறுவர் நிகழ்ச்சியிலும் அந்தச் சுற்று உண்டு.

அப்புறம், அவர்கள் செய்முறையை வரிக்கு வரி பாடமாக்குவதைவிட விகிதத்தை மனதில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண பட்டர் கேக்குக்கு பட்டர், சீனி, மா, முட்டை நான்கும் ஒரே நிறை. ஓடு நீங்கிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம். மூன்று முட்டை என்றால் மற்ற மூன்றும் 150 கிராம் வீதம். எங்கள் கடை முட்டைகள் சில நேரம் சிறியவையாக இருக்கும், அதனால் முட்டையையும் தராசில் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு விகிதம் தெரிந்த பிள்ளை புத்தகம் இல்லாமல் கேக் அடிக்கும்.

ரீவியில் சொன்ன அளவிலேயே செய்தோம். அங்கே எழும்பின கேக் இங்கே ஏன் அமுங்கிப் போச்சு?

பெரும்பாலும் காரணம் கொழும்பின் வெயில். செய்முறையில் “அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்” என்று சொல்வார்கள். அது குளிர் நாட்டு அறை. பட்டரும் சீனியும் சேர்த்து அடிக்க 18 முதல் 21 பாகை செல்சியஸ் நல்லது, அந்த இறுக்கத்தில்தான் பட்டர் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். கொழும்பில் பகலில் மேசையில் வைத்த பட்டர் 30 பாகையை நெருங்கி எண்ணெயாகத் தொடங்கியிருக்கும். எண்ணெயாகிய பட்டரை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற நேரத்திலேயே தொடங்குங்கள், பெரும்பாலும் பத்து நிமிடம் போதும். கலவை அடிக்கும் கிண்ணத்தையும் கொஞ்சம் குளிரவைக்கலாம். ஈஸ்ட் போட்ட மாவுக்கும் இதே கதைதான். அங்கே ஒரு மணித்தியாலத்தில் பொங்குவது இங்கே முக்கால் மணித்தியாலத்துக்கு முன்பே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது அளவு. அமெரிக்க நிகழ்ச்சியில் 350 பாகை என்றால் அது ஃபாரன்ஹீட், எங்கள் ஓவனில் 175க்குச் சற்று மேல். அவர்கள் “ஒரு ஸ்டிக் பட்டர்” என்பது 113 கிராம். ஒரு கப் மா 120 முதல் 125 கிராம். அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் 15. கோப்பையைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு தராசு வாங்குங்கள். எந்த அச்சும் பீட்டரும் வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் வாங்க வேண்டும்.

மாவிலும் வித்தியாசம் உண்டு. இங்கே கடையில் கிடைக்கும் கோதுமை மா பாண், ரொட்டி எல்லாவற்றுக்கும் பொதுவானது, கேக்குக்கென்று அரைத்த மென்மையான மா இல்லை. ஒரு கப் மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு அதே அளவு சோள மா சேர்த்துச் சலித்தால் கேக் மிருதுவாக வரும்.

மக்கரோன், மெரிங் செய்யவேணும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். செய்ய விடலாமா?

விடலாம், ஆனால் காரணத்தை முதலே சொல்லிவிட்டு. இரண்டும் முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்துச் செய்பவை, சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. காலையில் மொறுமொறுவென்று இருந்த மெரிங் மாலையில் ஒட்டும். ஏசி அறையில் ஆறவிட்டு, உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஓரளவு தப்பும். ஒக்டோபர், நவம்பர் மழையில் வேண்டாம். பெப்ரவரியில் செய்து பாருங்கள்.

வீட்டில் ஓவன் இல்லை. இருந்தாலும் கரண்ட் பில்லுக்குப் பயம்.

மேசை ஓவன் ஒன்று 2,000 வாட் என்றால், ஒரு மணித்தியாலம் நிற்காமல் எரிந்தாலும் 2 யூனிட்தான். சூடு வந்ததும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஆனால் எங்கள் பில் படிப்படியாக ஏறுகிற விதத்தில் கணக்கிடப்படுகிறது, எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த 2 யூனிட்டும் உறைக்கும். ஒரே சூட்டில் கேக்கையும் பிஸ்கட்டையும் அடுத்தடுத்து வைத்து எடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டிலும் பிள்ளை படிக்க நிறைய இருக்கிறது. வட்டிலப்பத்தை நீராவியில் அவிப்பதும் ஓவனில் கஸ்டர்ட் செய்வதும் ஒரே வேலை. முட்டையும் தேங்காய்ப்பாலும் மெதுவான சூட்டில் இறுக வேண்டும், சூடு கூடினால் துளை துளையாகிவிடும். கனமான சட்டியில் மணல் பரப்பி, மூடி, அடுப்பில் மெல்லிய நெருப்பில் கேக் சுட்ட அம்மம்மாக்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் அடுப்படியில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

நாங்கள் சைவம், முட்டை சேர்க்கிறதில்லை. நிகழ்ச்சியில எல்லாத்துக்கும் முட்டைதானே?

முட்டை என்ன வேலை செய்கிறது என்று பிள்ளை புரிந்துகொண்டால் மாற்றுவது எளிது. கேக்கில் அது மாவைப் பிடித்து வைக்கிறது, ஈரம் தருகிறது, எழும்ப உதவுகிறது. தயிரும் அப்பச்சோடாவும் சேர்ந்தால் வாயு வந்து கேக் எழும்பும், ஈரமும் கிடைக்கும். கண்டென்ஸ்ட் மில்க் சேர்த்தால் பிடிமானமும் வரும். கலவையைச் சேர்த்த உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வாயு போய்விடும். ஆனால் மெரிங், ஸ்பொஞ் மாதிரி முட்டையின் நுரையிலேயே நிற்கும் பண்டங்களை இப்படி மாற்ற முடியாது. அதைப் பிள்ளைக்கு நேராகவே சொல்லிவிடுங்கள்.

எங்கட வீட்டுல ஜெலட்டின் பயம். புள்ள மூஸ் கேக் செய்யச் சொல்லுது.

மூஸை உறையவைக்கப் போடும் ஜெலட்டின் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும், பொதியில் ஹலால் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நோன்பு காலத்தில் நீங்கள் காய்ச்சும் கடற்பாசியே இருக்கிறது. அது ஜெலட்டினைவிட இறுக்கமாக உறையும், அறைச் சூட்டிலேயே உறையும், வெயிலில் உருகாது. அதனால் குறைவாகப் போடவேண்டும், கொதிக்க வைத்துக் கரைக்கவேண்டும், சூடு ஆறுவதற்குள் வேகமாகக் கலக்கவேண்டும். கொழும்புக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

பட்டர், முட்டை விற்கிற விலைக்கு இப்படி வீணாக்கலாமா? அங்க குப்பையில கொட்டுறாங்க.

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 2022இல் காஸ் வரிசையில் நின்றதும், அந்த மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. 2023இல் முட்டையை இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தோம். அந்த நாட்களைக் கண்ட பிள்ளை, ரீவியில் சரிவராத கேக் குப்பைக்குப் போவதைப் பார்த்துக் கேள்வி கேட்டால், அது நல்ல வளர்ப்பு.

வீட்டில் சிறிய அளவில் தொடங்குங்கள். மேலே சொன்ன விகிதத்தில் ஒரு முட்டைக் கேக் செய்யலாம்: 50 கிராம் பட்டர், 50 கிராம் சீனி, 50 கிராம் மா, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். நாலைந்து கப் கேக் வரும், பிழைத்தாலும் நட்டம் கொஞ்சம்தான். அமுங்கின கேக்கை உதிர்த்து, கஸ்டர்டும் வாழைப்பழமும் அடுக்கி ட்ரைஃபிள் ஆக்கலாம். காய்ந்ததை மறுபடி சுட்டு ரஸ்க் ஆக்கலாம். என் வகுப்பில் எதையும் எறிவதில்லை, அதனால் பெற்றோர் பிள்ளையைப் பயப்படாமல் அனுப்பலாம்.

இதைப் பார்த்துப் பார்த்துச் சீனி, கலர் என்று அலைவானோ?

அலையலாம். கண் பார்ப்பதை வாய் கேட்கும். 2020இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் 10 முதல் 12 வயதுவரையான 125 பிள்ளைகளுக்குச் சிறுவர் சமையல் நிகழ்ச்சி ஒன்றைப் பத்து நிமிடம் காட்டினார்கள். ஆரோக்கியமான சாப்பாடு வந்த பகுதியைப் பார்த்தவர்கள், மற்றப் பிள்ளைகளைவிட, பிறகு ஆப்பிளையோ வெள்ளரித் துண்டையோ எடுக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் நாள் முழுக்க ஐசிங் பார்ப்பதற்கும் ஒரு விளைவு இருக்கும் என்று யோசிப்பது நியாயம்தான். சமையல் நிகழ்ச்சி பார்க்க விரும்பும் பிள்ளைக்குக் கேக் போட்டியோடு சாதாரணச் சமையலையும் கலந்து காட்டுங்கள்.

சீனிக்கு ஒரு எல்லை மனதில் இருக்கட்டும். சேர்க்கும் சீனியிலிருந்து வரும் சக்தி ஒரு நாளின் மொத்தத்தில் பத்து வீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் கீழ் போனால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறங்களைப் பற்றி: குறிப்பிட்ட ஆறு செயற்கை நிறங்களைச் சேர்த்த உணவுப் பொதிகளில், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. மஞ்சள், பீட்ரூட், பசலைச் சாறு எங்கள் குசினியிலேயே இருக்கும்போது அந்தப் போத்தல்களுக்கு அவசரம் இல்லை.

யாராவது வெளியேறினால் என்ர மகள் விம்மி விம்மி அழுறாள். நிறுத்திவிடவோ?

அழுகை கெட்டது இல்லை. தன் வயதுப் பிள்ளை தோற்பதைப் பார்த்து இரங்கும் மனது அது. மூன்றாவது கேள்வியில் சொன்னேனே, நடுவர் சொல்லும் காரணம் என்று, அந்த இடத்தில் நிறுத்தி, “அவர் என்ன சொன்னவர்? நீ என்றால் என்ன மாத்துவாய்?” என்று கேளுங்கள். வெளியேறும் பிள்ளையை மற்றவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதையும் காட்டுங்கள், அது எப்போதும் நடக்கிறது. ஆனால் மகள் தன் கேக்கையே ஒளித்துவைக்கத் தொடங்கினால், “நான் வெளியேற்றப்படுவேன்” என்று வீட்டிலும் பேசினால், கொஞ்சக் காலம் நிறுத்திவிட்டு, போட்டியே இல்லாத சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றுங்கள்.

ஆம்பிளைப் பிள்ளை. அவன்ர அப்பம்மா ஏசுறா.

கொழும்பில் எந்தப் பேக்கரிக்கும் எந்தப் பெரிய ஹோட்டல் குசினிக்கும் போய் மா பிசைவது யார் என்று அப்பம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் சந்திக்குச் சந்தி வரும் சூன் பாண் ஆட்டோவை ஓட்டுவதும் ஆண்கள்தான். ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’ முதல் பருவத்தில் வென்றது அலெக்சாண்டர் வைஸ் என்ற 13 வயதுப் பையன். முதல் கேக்கின் முதல் துண்டை அப்பம்மாவுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கொலர்ஷிப் வருது. இது படிப்பைக் கெடுக்காதா?

வாரத்தில் ஒரு பகுதி பார்ப்பதும் ஒரு நாள் செய்வதும் கெடுக்காது. கணக்குக்குக் கைகொடுக்கும் என்றும் உறுதியாகச் சொல்வேன். செய்முறை 8 அங்குல வட்டத் தட்டுக்கு, வீட்டில் இருப்பது 6 அங்குலம் என்று வையுங்கள். பிள்ளைகள் உடனே “முக்கால் பங்கு” என்பார்கள். பரப்பைப் பார்த்தால் 64க்கு 36, பாதியைவிடச் சற்றுத்தான் கூட. முக்கால் பங்கு கலவையை ஊற்றினால் ஓவனில் வழிந்துவிடும். ஏன் வழிந்தது என்று கேட்டு வருகிற பிள்ளைக்குப் பரப்பளவு பிறகு மறப்பதில்லை. 9 அங்குல வட்டமும் 8 அங்குலச் சதுரமும் ஏறத்தாழ ஒரே பரப்பு என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும் ஓய்வு கொடுங்கள். அது பிள்ளையின் களைப்புக்காக.

கை சுட்டால் என்ன செய்யிறது?

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, பட்டர், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்பளம் பெரிதாக இருந்தால், அல்லது முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாவற்றிலும் பயங்கரமானது கரமல். காய்ச்சிய சீனி 160 பாகைக்கு மேல் போகும், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ரீவியில் பத்து வயதுப் பிள்ளை செய்தாலும் கமெராவுக்குத் தெரியாத இடத்தில் அவர்களைக் கவனிக்க ஆட்கள் நிற்கிறார்கள். வீட்டில் 12 வயதுவரை கரமலைப் பெரியவர்தான் ஊற்ற வேண்டும்.

கலவையை நக்குவதும் வேண்டாம். பச்சை முட்டை ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

பிறந்தநாளுக்கு வீட்டிலேயே போட்டி வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் யாரையும் வெளியேற்றாமல். ஒரே செய்முறையை விவரம் வெட்டிக் கொடுக்கும் டெக்னிக்கல் சுற்று வீட்டுக்கு நல்லாய்ப் பொருந்தும். கப் கேக்கை நீங்கள் முதலே சுட்டுவைத்துவிட்டு ஐசிங்கை மட்டும் போட்டியாக்கினால் ஓவன் பயமும் இல்லை. வருகிற பிள்ளைகளின் பெற்றோரிடம் கஜு, நிலக்கடலை, பால் ஒவ்வாமை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முட்டை, ஜெலட்டின் விஷயத்துக்கு மேலே சொன்னதைப் பாருங்கள். நடுவராக அந்த வீட்டுப் பெரியவரை வைக்காதீர்கள், சொந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தாலும் பிரச்சினை, கொடுக்காவிட்டாலும் பிரச்சினை.

எங்கட கேக் ஒன்றும் அதில வாறதில்லையே?

இது என் மனதிலும் உள்ள கேள்வி. லவ் கேக்கை எடுங்கள்: ரவை, கஜு, முட்டை மஞ்சட்கரு, தேன், ஏலக்காய், ரோஸ் வோட்டர், புஹுல் தோசி (சீனிப் பாகில் பதப்படுத்திய நீற்றுப்பூசணி). போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்து, பறங்கியர் வீடுகளில் வளர்ந்து, இன்று கிறிஸ்மஸ் வந்தால் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைவரை எல்லா மதத்தவர் வீட்டு மேசையிலும் இருக்கிறது. மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேகவேண்டும், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கவேண்டும். எந்தப் போட்டிக்கும் வைக்கக்கூடிய கடினமான கேக் அது. ஈஸ்ட் போட்டுச் சுடும் புறூடர், கித்துள் பாணியும் தேங்காயும் சேர்ந்த பிபிக்கன், இவையெல்லாம் எங்கள் பிள்ளைகள் படிக்கவேண்டியவை. ரீவியில் ஒரு பருவம் பார்த்து முடிந்ததும், அதே பிள்ளையைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஒரு லவ் கேக் பழகவிடுங்கள்.

இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பிரின் பிரதாபன் 2024இல் பிரித்தானியாவின் ‘மாஸ்டர்செஃப்’ போட்டியில் வென்றார். அப்போது அவர் தொழிலால் மிருக வைத்தியர். பெரியவர்களின் சமையல் போட்டிதான் அது, ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பதின்மூன்று வயது மகள் இன்ஸ்டாகிராமில ஓர்டர் எடுக்கத் தொடங்கிட்டாள். நல்லதுதானே?

சொந்தக்காரருக்கு, பக்கத்து வீட்டுக்கு எப்போதாவது ஒரு கேக் செய்து கொடுப்பதில் குறை காண மாட்டேன். செலவுக் கணக்கு எழுதவும் சொன்ன நேரத்துக்குக் கொடுக்கவும் பழகுவாள். வாராவாரம் ஓர்டர் என்று ஆனால் அது வேலை. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். வீட்டுத் தொழில் என்றாலும் அந்த எண்ணத்தை மனதில் வையுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், மகளின் முகமும் பாடசாலைச் சீருடையும் படத்தில் வேண்டாம். வெளியாட்களுக்குச் சாப்பாடு விற்கத் தொடங்கினால் உங்கள் பகுதி பொது சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் பேசுங்கள்.

பெரிய ஆளாக வந்து பேஸ்ட்ரி செஃப் ஆகப்போறன் என்கிறான். எங்க படிக்கிறது?

சாதாரண தரத்தில் மனைப்பொருளியல் ஒரு பாடமாக இருக்கிறது, ஊட்டச்சத்தும் சமையலும் அதில் வரும், ஆண் பிள்ளைகளும் எடுக்கலாம். அதன் பிறகு கொழும்பு 3, காலி வீதியில் உள்ள இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. 1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கியது அது. பேக்கரித் தொழிலுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் உண்டு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது அது கைகொடுக்கும். எந்த வழி போவதானாலும் கணிதமும் இரசாயனமும் விட்டுவிட வேண்டாம்: சீனிப் பாகும் மாவின் பசையும் இரசாயனம்தான்.

அதற்கு முன்னால், பதினாறு, பதினேழு வயதானதும் விடுமுறையில் தெரிந்த பேக்கரி ஒன்றில் சில நாட்கள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் நிற்கக் கேட்டுப் பாருங்கள். தட்டுக் கழுவி, மா மூட்டை தூக்கி, சூட்டில் நின்றுவிட்டு வந்த பிறகும் அதே ஆசை இருந்தால் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப நானும் வந்து உட்காருகிறேன்.